அஞ்சு நிமிசத்தில தொடங்குங்கோ, அது காணும்

திருகோணமலை டச்சு பே கடற்கரைப் பக்கம் பின்னேரம் போனால் இப்ப நடக்கிற சனம் நல்லாக் கூடியிருக்கு, பாக்கவே சந்தோசமா இருக்கு. ஆனா புது வருசத்தோட புதுச் சப்பாத்தும் வாங்கி, முதல் நாளே ஒரு மணித்தியாலம் வேர்க்க விறுவிறுக்க நடக்கிற கனபேரை மாசி முடியக்குள்ள காணக் கிடைக்கிறேல்ல. அவையளுக்கு மனவுறுதி இல்லை எண்டு ஆக்கள் லேசாச் சொல்லிப்போடுவினம், நான் அதை ஒருக்காலும் ஏத்துக்கொள்ள மாட்டன். வேலைக்கும் போய் பிள்ளையளையும் பாத்து ரியூசனுக்கும் ஏத்தி இறக்கிற மனுசருக்கு ஒரு மணித்தியாலம் எண்டுறது பெரிய கணக்கு, ஒரு நாள் மழை, ஒரு நாள் காய்ச்சல், அடுத்த நாள் கலியாண வீடு, அதோட அந்தக் கணக்கு குழம்பிடும். தொடங்கின அளவுதான் பெரிசு, மனுசரில ஒரு குறையும் இல்லை.

லண்டன் யூனிவர்சிட்டி கொலிஜ்ஜில 96 பேரை வைச்சுச் செய்த ஒரு ஆய்வு 2010ல வந்தது. ஒவ்வொருத்தரும் சாப்பாடு, குடிக்கிறது, உடற்பயிற்சி இதுகளில தங்களுக்குப் பிடிச்ச ஒரேயொரு சின்னப் பழக்கத்தை எடுத்து, ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தோட சேர்த்துச் செய்யவேணும், காலமைச் சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கிறது மாதிரி. அது யோசிக்காமலே வாறதுக்கு சராசரியா 66 நாள் எடுத்ததாம், சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரைக்கும் போகும் எண்டு கணக்குப் பாத்திருக்கினம். 21 நாளில பழக்கம் வந்திடும் எண்டு வட்ஸ்அப்பில வாறதை நம்பி 22ஆம் நாள் மனம் விட்டுப்போக வேண்டாம். எங்கட ஆக்கள் ஒரு மண்டலம் எண்டு 48 நாள் சொல்லுறது இதுக்குக் கொஞ்சம் கிட்ட வருது எண்டு எனக்கொரு எண்ணம். இன்னொண்டு, இடையில ஒரு நாள் தவறினதால பழக்கம் கெடேல்ல எண்டும் அதில கண்டிருக்கினம், எனக்கு அதில பிடிச்சதே அதுதான்.

எங்கட அம்மாவுக்கு சீனி வருத்தம், முழங்கால் நோவும் இருக்கு. கடற்கரைக்கு வாங்கோ எண்டு எத்தினை தரம் கேட்டாலும் வரமாட்டா, இருட்டுக்க ஆர் போறது எண்டுவா. பிறகு ஒரு நாள் இரவுச் சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவி வைச்ச கையோட கிணத்தடியில இருந்து படலை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வாங்கோ, வேற ஒண்டும் வேண்டாம் எண்டு சொன்னன். சேலைத் தலைப்பில கையைத் துடைச்சுக்கொண்டே நடக்கத் தொடங்கினா, பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேலால கதை குடுக்க இன்னும் ரெண்டு தரம் போய்வந்தா. கோப்பை கழுவினா நடை, அவ்வளவுதான் விசயம், நேரம் பாக்கவும் தேவையில்லை. சாப்பிட்ட பிறகு நடந்தா இரத்தத்தில ஏறுற சீனியைத் தசை எடுத்துக்கொள்ளும், அதால அந்த நேரத்து அஞ்சு பத்து நிமிசத்துக்குப் பெறுமதி கூட. இப்ப வெள்ளிக்கிழமையில கோட்டை வாசலில இறங்கி மான்களைப் பாத்துக்கொண்டு கோணேசர் கோயிலடிக்கு நடந்தே ஏறுறா, இடையில நிண்டு மூச்சு வாங்கினாலும் ஆட்டோ கேக்கிறேல்ல.

உலக சுகாதார நிறுவனம் பெரியாக்களுக்குக் கிழமைக்கு 150 நிமிசமாவது உடற்பயிற்சி வேணும் எண்டு சொல்லுது, கொஞ்சம் வேகமா நடக்கிற மாதிரி. பிரிச்சுப் பாத்தா ஒரு நாளைக்கு 22 நிமிசம் கூட வராது. அதையும் முதல் கிழமையிலேயே பிடிக்கத் தேவையில்லை, கால் தானாக் கேக்கேக்க கூட்டுங்கோ.

சாப்பாட்டு விசயத்துக்கு வருவம். டயட் எண்டவுடன சோத்தை நிப்பாட்டி ஓட்ஸ் வாங்கிறது எனக்கு உடன்பாடில்லை, எங்கட ஊர்ச் சாப்பாட்டில ஒரு பிழையும் இல்லை, அளவும் தேத்தண்ணியும்தான் பிரச்சினை. ஒரு நாளைக்கு அஞ்சு தேத்தண்ணி, ஒவ்வொண்டுக்கும் ரெண்டு கரண்டி சீனி, கரண்டிக்கு அஞ்சு கிராம் எண்டு வைச்சாலே 50 கிராம். 2000 கலோரி சாப்பிடுற ஒராளுக்கு மேலதிகமாச் சேர்க்கிற சீனியின்ர உச்ச அளவே அவ்வளவுதான், 25 கிராமுக்குள்ள நிண்டா இன்னும் நல்லம். பிஸ்கட்டும் ரோல்ஸும் நான் இன்னும் கணக்கில சேர்க்கேல்ல. சோடாப் போத்தல் வாங்கினா லேபலில இருக்கிற நிறத்தைப் பாருங்கோ, இலங்கையில 2016ல இருந்து போடுகினம், சிவப்பெண்டா 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல சீனி. தேத்தண்ணியை விடச் சொல்லி நான் கேக்கேல்ல, ஒவ்வொரு கோப்பையிலயும் அரைக் கரண்டி குறையுங்கோ, நாக்குப் பழகின பிறகு இன்னொரு அரைக் கரண்டி, அவசரமே வேண்டாம்.

சோத்துக்கும் இதே மாதிரித்தான். கோப்பையில முதல் கீரை வறையும் மரக்கறியும் போடுங்கோ, பிறகு மீன், கடைசியா மிச்ச இடத்தில சோறு. முதல் சோத்தைக் குவிச்சா மற்றதுக்கு இடமிருக்காது, நாங்கள் காலங்காலமாச் செய்யிறது அதுதானே. மார்க்கட்டில பொன்னாங்காணியும் வல்லாரையும் கட்டுக் கட்டாக் கிடக்கு, ஒரு கட்டு கூட வாங்கினா குடும்பத்துக்கே காணும். சாளை, கீரி மாதிரிச் சின்ன மீனில நல்ல கொழுப்பு இருக்கு, பெரிய மீனை விட விலையும் குறைவு, பொரிக்கிற நாளைக் குறைச்சு கறியா வைச்சா எண்ணெயும் மிச்சம்.

சீனியையும் சோத்தையும் நடையையும் ஒரே நாளில பிடிக்க வேண்டாம், ஒண்டு கால் ஊண்டட்டும், பிறகு மற்றது. சீனிக் குளிசை எடுக்கிறவை, இன்சுலின் போடுறவை சாப்பாட்டைக் குறைக்க முதல் கிளினிக்கில ஒருக்காக் கேளுங்கோ, சீனி திடீரெண்டு இறங்கிறதும் ஆபத்து.

வாடைக்கு மழை பிடிச்சா கடற்கரைப் பக்கம் போக ஏலாது, அந்த நாளையிலயும் விடாதேங்கோ. விறாந்தையில நடவுங்கோ, இல்லாட்டி தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்கும் வரைக்கும் கதிரையில கை ஊண்டாமல் பத்துத் தரம் எழும்பி இருங்கோ. தொடை நல்லாவே உளையும்.