சுவிஸில் மலிவுச் சுருட்டு: ஒரு குசினிக்காரனின் கணக்கு

சுவிஸ் சுருட்டு என்றால் நம்மவர்களுக்கு உடனே நினைவு வருவது ஜெனீவா கடைக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கியூபாச் சுருட்டுத்தான். ஒன்றின் விலையில் ஒரு கிழமைச் சாமான் வாங்கலாம். ஆனால் இந்த நாட்டு விவசாயியும் மேசனும் லொறிச் சாரதியும் தலைமுறை தலைமுறையாகக் குடித்தது அதை அல்ல, ஸ்டும்பன் என்ற குட்டைச் சுருட்டை. இரண்டு முனையும் நறுக்கியே வரும், வெட்டும் கருவி தேவையில்லை, காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரியலாம். நான் இங்கே ரசித்துக் குடிப்பதும் அதைத்தான், வசதி வந்தாலும் மாறுவேன் என்று நினைக்கவில்லை.

ஆர்காவ் மாநிலத்து ஆரா நகரில் ஒரு ரெஸ்டோரண்ட் குசினியில் வேலை கிடைத்தது. வாடகை குறைவு என்று ரைனாக்கில் வீடு எடுத்தேன். ஆராவிலிருந்து மென்சிகன் வரை போகும் சின்ன ரயில் பாதையில் இருக்கும் ஊர் அது, பழைய ஆட்கள் இன்னும் அந்தப் பள்ளத்தாக்கைச் சுருட்டு நாடு என்றுதான் சொல்வார்கள். பக்கத்து ஊரான புர்க்கில் புர்கர் குடும்பம் 1864இல் சுருட்டுத் தொழிலைத் தொடங்கியது, லுசேர்ன் எல்லைக்குள் இருக்கும் பெஃபிகோனில் வில்லிகர் 1888இல். மாட்டுப்பண்ணைக்கு நடுவே இவ்வளவு பேர் சுருட்டுச் சுற்றிப் பிழைத்திருக்கிறார்கள் என்பது எனக்குக் கொஞ்ச நாள் நம்பவே முடியாமல் இருந்தது, ஏனென்றால் சுற்றிவரப் புகையிலைத் தோட்டம் ஒன்றும் கண்ணில் படாது. இலை பிரேசிலிலிருந்தும் சுமாத்திராவிலிருந்தும் கப்பலில் வந்தது, கை மட்டும் உள்ளூர்க் கை.

கீழ்வீட்டுக் கிழவர் அப்படியொரு தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எனக்கு டொச், அதாவது ஜெர்மன் மொழி, அரைகுறை, அவர் பேசுவது புத்தக டொச்சும் இல்லை, ஆர்காவ் பேச்சு. சுருட்டு இருந்தபடியால் கதைக்க விஷயம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் சுருட்டுக் கொட்டில்களில் ஒருத்தர் பத்திரிகையைச் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றுவார்கள் என்று கையும் காலும் சேர்த்து அவருக்கு விளங்கப்படுத்தினேன். ஹவானாத் தொழிற்சாலைகளிலும் 1865 முதல் அப்படி வாசிப்பாளர்கள் இருந்தார்கள், அது அவருக்குத் தெரியும். எங்களிடமும் இருந்தது என்பதுதான் அவருக்குப் புதினம். அதற்குப் பிறகு என்னைக் கண்டால் "குருயெற்சி" என்று வணக்கம் மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல் நின்று கதைப்பார். வகுப்பில் படித்ததைவிட வீட்டுக்குக் கீழே இருக்கும் வாங்கில் (பெஞ்சில்) அவரோடு இருந்து நான் படித்த டொச் கூட.

சரி, விலைக்கு வருவோம். இங்கே சிகரெட்டுக்கு வரி கொழுத்த வரி, சுருட்டுக்கு மிகக் குறைவு. அதனால்தான் ஐந்து ஸ்டும்பன் உள்ள ஒரு பெட்டி சிகரெட் பெட்டி விலையை ஒட்டியே நிற்கிறது. கடையில் இருந்து குடிக்கும் ஒரு கோப்பிக்கு நாலரைப் பிராங் கொடுக்கிற ஊரில், முக்கால் மணித்தியாலம் நிற்கும் ஒரு பொருளை இரண்டு பிராங்குக்குள் வாங்குவது சின்ன விஷயமில்லை. அந்த வரியும் முதியோர் ஓய்வூதியக் காப்புறுதிக்குத்தான் போகிறது, ஆகவே கிழவரின் பென்சனில் என் புகையும் ஒரு துளி. இன்னொரு வேடிக்கை: 1996 முதல் 2003 வரை இந்த நாட்டின் நிதி அமைச்சராக இருந்த காஸ்பர் வில்லிகர் அதே சுருட்டுக் குடும்பத்து ஆள். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை, மிக்ரோ சுப்பர்மார்க்கெட்டில் போய்த் தேடாதீர்கள், அங்கே புகையிலையும் சாராயமும் விற்பதில்லை. கோப் என்ற மற்றச் சுப்பர்மார்க்கெட்டிலும் கியோஸ்க்கிலும் கிடைக்கும்.

மலிவுச் சுருட்டை மதிப்பிடுவது விலை கூடினதை மதிப்பிடுவதைவிடக் கஷ்டம், எதிர்பார்ப்பு குறைவாக இருப்பதால் எல்லாமே பரவாயில்லை போலத் தெரியும். முதலில் பெட்டியில் நூறு வீதம் புகையிலை என்று போட்டிருக்கிறதா என்று பார்க்கிறேன். போடாவிட்டால் உள் சுற்று பெரும்பாலும் இலைத் தூளை அரைத்துக் கூழாக்கிக் கடதாசி மாதிரித் தட்டி எடுத்ததாக இருக்கும். அது ஒழுங்காக எரியும், மறுக்கவில்லை, ஆனால் வாயில் ஈரக் கடதாசி எரிந்த ஒரு கசப்பு தங்கிவிடும். அப்புறம் பற்ற வைக்காமலே ஒரு இழுப்பு. காற்று சும்மா வந்தால் உள்ளே இலை குறைவு, சூடாக எரியப்போகிறது. இழுக்கவே முடியாவிட்டால் எறிய வேண்டியதுதான். உள்ளே இருப்பது முழு இலை இல்லை, நறுக்கின துண்டு, ஆகவே சாம்பல் நீளமாக நிற்கவில்லை என்று குறை சொல்ல மாட்டேன். நான் பார்ப்பது கடைசி மூன்றிலொரு பங்கை. முதல் பாதி எந்தச் சுருட்டும் நல்லபிள்ளைதான். விரல் சுடும் தூரம் வந்த பிறகும் நாக்கைக் குத்தாமல் இருந்தால் காசு வீண்போகவில்லை. அவசரமாக இழுத்தால் எந்த மலிவுச் சுருட்டும் பழிவாங்கும், நிமிடத்துக்கு ஒரு இழுப்புக்கு மேல் வேண்டாம்.

அந்தக் கணக்கில் வில்லிகர் எக்ஸ்போர்ட், அந்தச் சதுரமாக அமுக்கின சுருட்டு, எனக்கு நம்பிக்கையான ஒன்று. மரப்பெட்டி வாசம், கொஞ்சம் கொட்டைச் சுவை, பெரிய ஆச்சரியம் எதுவும் தராது, ஏமாற்றவும் செய்யாது.

ஆனால் மனம் போய் ஒட்டிக்கொண்டது எல்லைக்கு அந்தப் பக்கம், இத்தாலியின் தொஸ்கானோவில். பார்க்க அழகே இல்லை, நடுவில் தடித்து இரண்டு பக்கமும் மெலிந்து, முண்டும் முடிச்சுமாக, கறுப்பாக. 1815இல் ஃபுளோரன்ஸில் மழையில் நனைந்து புளித்துப்போன புகையிலையை எறிய மனமில்லாமல் மலிவுச் சுருட்டாகச் சுற்றி விற்றதில் பிறந்தது என்று கதை சொல்கிறார்கள். அதன் இலை கென்டக்கி வகை, விறகு நெருப்பின் புகையில் உலர்த்துவது. முதல் இழுப்பிலேயே எனக்கு என் அப்புவின் மேற்சட்டை மணந்தது. யோசித்துப் பார்த்தால் காரணம் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் இலையைப் புகைக்குடிலில் தொங்கவிட்டுப் பொச்சுமட்டை எரித்துப் புகை போடுவார்கள். அங்கே தேங்காய் மட்டை, இங்கே ஓக் விறகு, வேலை ஒன்றுதான். ஊர்ச் சுருட்டில் கோடா என்ற இனிப்புக் கரைசல் போட்ட இனிப்பு ஒன்று இருக்கும், தொஸ்கானோவில் அது இல்லை, அதற்குப் பதிலாக மிளகு. குறுக்கே இரண்டாக வெட்டித்தான் குடிப்பார்கள், ஆகவே ஒரு சுருட்டுக்கு இரண்டு இரவு. மலிவு என்றால் இதுதான் மலிவு.

பிரிசாகோச் சுருட்டையும் சொல்லாமல் விட முடியாது. லாகோ மஜோரே ஏரியின் சுவிஸ் பக்கக் கரையில் அந்தப் பெயருள்ள ஊரில் 1847இல் தொழிற்சாலை வந்தது. நீளமாக, மெல்லிசாக, கோணலாக இருக்கும், நடுவே ஒரு புல்தண்டு செருகியிருப்பார்கள், அதை உருவிவிட்டுப் பற்ற வைக்க வேண்டும், அந்த ஓட்டையால்தான் புகை வரும். பெடியன்களுக்கு அதைக் காட்டுவதே ஒரு பொழுதுபோக்கு. சுவை கடும் முரடு, வெறும் வயிற்றில் தலை சுற்றும்.

முதலாளி ஒரு நத்தாருக்கு விலை கூடின கியூபாச் சுருட்டு ஒன்று தந்தார். மாசியில் எடுத்தபோது மேலிலை வெடித்துப் பிளந்திருந்தது. அந்த வகைக்கு அறுபத்தைந்து எழுபது வீதம் ஈரப்பதம் வேண்டும், ஹீட்டர் போட்ட வீட்டுக் காற்றில் அது இருக்காது. அதற்கென்று பெட்டி, ஈரமானி, பராமரிப்பு என்று இறங்கினால் சுருட்டு விலையைவிட வளர்ப்புச் செலவு கூட. ஸ்டும்பனும் தொஸ்கானோவும் காய்ந்தபடியே குடிக்கச் செய்தவை, குசினி அலுமாரியில் கிடந்தாலும் கோபிக்காது. பத்து மணித்தியாலம் நின்று வேலை செய்துவிட்டு வருகிறவனுக்கு இது பெரிய விஷயம்.

எங்கே குடிப்பது என்பதுதான் மிச்சமுள்ள சிக்கல். 2010 மே மாதத்திலிருந்து ரெஸ்டோரண்டுகளுக்குள் தடை, தனிப் புகையறை இருந்தால் உண்டு, எண்பது சதுர மீற்றருக்குக் குறைந்த சில கடைகளுக்கும் விதிவிலக்கு, சில மாநிலங்கள் அதையும் விடுவதில்லை. பல்கனியில் குடிக்கலாம், ஆனால் மேல்வீட்டுப் பெண் யன்னலை அறைந்து சாத்தும் சத்தத்தில் சுவையே போய்விடும். தொஸ்கானோ புகை சும்மா போகிற புகையும் இல்லை, துவைத்துக் காயப்போட்ட துணியில் ஏறினால் இறங்காது. அதனால் துணி காயும் நாளில் ஸ்டும்பன், இல்லாத நாளில் கீழ் வாங்கில் பாதித் தொஸ்கானோ என்று வீட்டில் பேசி முடித்திருக்கிறோம். வேலைநாளில் ஒன்றுக்கு மேல் இல்லை என்பது மனைவி போட்ட சட்டம். உடம்புக்கு நல்லதென்று நானும் வாதாடவில்லை.

மறுபாதி யன்னல் ஓரம் கண்ணாடிக் குவளையில் இருக்கிறது. கிழவர் கண்டால் அதற்கும் ஒரு குறை சொல்வார், அவருக்கு இத்தாலிச் சுருட்டே பிடிக்காது.