மீன் தொட்டிக்கு எத்தனை மணி நேரம் விளக்கு போடலாம்?

மீன் தொட்டி வாங்குகிறவர்கள் ஃபில்டரைப் பற்றிக் கேட்பார்கள், தீனியைப் பற்றிக் கேட்பார்கள். விளக்கு மட்டும் மூடியோடு சேர்ந்து வந்ததுதான், அதைக் காலையில் எழுந்ததும் போட்டுவிட்டு இரவு படுக்கும்போது அணைப்பார்கள். அப்புறம் கண்ணாடியெல்லாம் பச்சைப் பாசி படிந்து, தேய்த்துத் தேய்த்துக் கை வலித்து, கடைசியில் தொட்டி மொட்டைமாடிக்குப் போய்விடும். கடலூரில் இப்படிக் காலியாகக் கிடக்கும் தொட்டிகளைப் பார்த்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் பல வீடுகளில் விளக்கு நேரத்தைப் பாதியாகக் குறைத்திருந்தாலே பாசி இவ்வளவு பிடித்திருக்காது.

மீனுக்குப் பகல் எது, இரவு எது என்று தெரிந்தால் போதும். ஜன்னல் வெளிச்சம் வரும் கூடத்தில் அதற்குத் தனி விளக்கு கட்டாயமே இல்லை. விளக்கு நாம் பார்ப்பதற்கும் செடிக்கும்தான். செடி இல்லாத தொட்டி என்றால் சாயங்காலம் நீங்கள் உட்கார்ந்து பார்க்கும் நேரத்துக்குப் போடுங்கள். செடி இருந்தால் 6 முதல் 8 மணி நேரம், புதுத் தொட்டிக்கு 6 போதும். பிளக்கில் செருகுகிற டைமர் ஒன்று வாங்கிவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை. வேலைக்குப் போகிறவர்கள் மதியம் 3 மணியிலிருந்து இரவு 10 வரை வைத்துக்கொண்டால் வீடு திரும்பும்போது தொட்டி வெளிச்சமாக இருக்கும். இரவு முழு இருட்டு வேண்டும். நாம் வைத்திருக்கும் கப்பிக்கோ டெட்ராவுக்கோ நம்மைப்போல இமை கிடையாது, வெளிச்சத்தை மறைத்துக்கொள்ள அவற்றுக்கு வழியில்லை. அதே காரணத்தால் இருட்டில் திடீரென்று தொட்டி விளக்கைப் போடாதீர்கள், மிரண்டு கண்ணாடியில் மோதும். அறை விளக்கை முதலில் போட்டுவிட்டுச் சில நிமிஷம் பொறுங்கள்.

எத்தனை வாட்ஸ் என்று எல்லாரும் கேட்கிறார்கள். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டியில் மணல் போக ஏறக்குறைய 50 லிட்டர் தண்ணீர் நிற்கும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் போன்ற சாதுவான செடிகளுக்கு லிட்டருக்கு 10 முதல் 20 லூமன் (விளக்கு தரும் வெளிச்சத்தின் அளவு) போதும், அதாவது 10 வாட்ஸ் எல்இடி ஒன்றே தாராளம். பெட்டியில் 6500 கெல்வின் என்றோ கூல் டே லைட் என்றோ போட்டிருப்பதை எடுங்கள். மஞ்சள் பல்பிலும் செடி வளரும், ஆனால் தண்ணீர் டீத் தண்ணீர் மாதிரி தெரியும். நீல விளக்கு கடல் தொட்டியில் பவளத்துக்குப் போடுவது, நம் நன்னீர்த் தொட்டியில் அதை அழகுக்காகச் சிறிது நேரம் போடலாம், அவ்வளவுதான். பெரிய விளக்காகப் போட்டால் செடி வேகமாக வளரும் என்பதை நம்பி இறங்காதீர்கள். வெளிச்சத்தைக் கூட்டினால் கார்பன் டை ஆக்சைடும் உரமும் கூடவே கூட்ட வேண்டும், இல்லையென்றால் மிஞ்சுகிற வெளிச்சத்தைப் பாசி எடுத்துக்கொள்ளும். (புதுத் தொட்டியில் முதல் சில வாரங்களில் பழுப்பாக ஒரு படலம் வரும், அதற்கு விளக்கைக் குறை சொல்ல வேண்டாம், பெரும்பாலும் தானாகப் போய்விடும்.)

நம் ஊரில் விளக்கைவிட வெயிலைத்தான் அதிகம் கணக்குப் பார்க்க வேண்டும். தெற்கு ஜன்னல் ஓரம் மே மாதத்தில் தொட்டி வைத்தால் ஒன்றும் தெரியாது, அப்போது உச்சி வேளையில் சூரியன் நமக்குச் சற்று வடக்கே போய்விடுகிறது. மார்கழி, தையில் அதே ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து உள்ளே வந்து நேராகத் தொட்டியில் விழும், தண்ணீர் சில நாளிலேயே பச்சையாகிவிடும். திரை போட்டு, விளக்கை 3 நாள் அணைத்து, தொட்டியைத் துணியால் மூடி வையுங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும். அந்த 3 நாளும் ஏர் பம்ப் நிற்கக்கூடாது, இருட்டில் செடியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். கோடையில் கவனிக்க வேண்டியது சூடு. பழைய சோக் வைத்த ட்யூப்லைட்டை மூடிக்குள் அடைத்து வைத்திருந்தால் அதை எல்இடியாக மாற்றிவிடுங்கள், அதையும் தண்ணீருக்கு மேலே நாலு விரல் இடைவெளி விட்டு மாட்டுங்கள்.

அளவு சரியாக இருக்கிறதா என்று செடியே சொல்லும். விளக்கு போட்டு நாலைந்து மணி நேரம் கழித்துக் குனிந்து பாருங்கள், நன்றாக இருக்கிற செடியில் இலை விளிம்பில் குண்டூசித் தலை அளவுக்குக் குமிழ்கள் ஒட்டிக்கொண்டிருக்கும், ஒவ்வொன்றாக விட்டு மேலே ஏறும். எல்லாத் தொட்டியிலும் இது தெரியாது, தெரிந்தால் அப்படியே பார்த்துக்கொண்டிருக்கலாம்.

ஒயரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தொட்டியிலிருந்து வரும் ஒயர் பிளக்குக்குக் கீழே ஒருமுறை தொங்கி, அப்புறம் மேலே ஏற வேண்டும், அப்போதுதான் வழியும் தண்ணீர் சுவிட்சுக்குள் போகாமல் கீழே சொட்டும். கடலோர வீடுகளில் உப்புக்காற்றுக்கு விளக்கின் முனைகளில் துரு ஏறும், மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் துடையுங்கள்.

2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு இங்கே பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி ஒரு நிலை வந்தால் விளக்கைப் பற்றிக் கவலையே வேண்டாம், சில நாள் இருட்டை மீனும் தாங்கும், செடியும் தாங்கும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை மட்டும் ஐப்பசி பிறக்கும் முன்பே வாங்கி வையுங்கள், கரண்ட் வரும்வரை தீனியையும் நிறுத்திவிடுங்கள்.