மூக்கைத் தூக்கிய வில்லிஸ்

எண்பதுகளின் தொடக்கத்தில் உக்கடம் பழைய புத்தகக் கடையில் 'ஹாட் ராட்' என்ற அமெரிக்கக் கார் பத்திரிகை ஒன்று ரெண்டு ரூபாய்க்குக் கிடைத்தது. அட்டை இல்லை. எனக்கு அப்போது இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும், படத்துக்காக வாங்கினேன். உள்ளே ஒரு குட்டிக் கார். சுண்டெலி மாதிரி கூர் மூஞ்சி, உருண்டை மட்கார்டு, ரெண்டே கதவு. முன்பக்கம் மட்டும் யாரோ ஜாக்கி போட்டுத் தூக்கி, இறக்க மறந்துவிட்ட மாதிரி நின்றது. பட்டறையில் மேஸ்திரியிடம் காட்டினேன். பீடியை வாயில் வைத்தபடியே பார்த்தார்.

"என்றா இது, முன்னாடி பட்டையைத் தப்பா மாட்டிப்போட்டானா?"

எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. எஞ்சின் ரீபோர், கிராங்க் கிரைண்டிங், வால்வ் சீட் கட்டிங் என்று நாள் ஓடுகிற பட்டறை. பத்திரிகை கொஞ்ச நாள் லேத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. அப்புறம் யாரோ கை துடைத்துவிட்டார்கள்.

போன மார்ச்சில் மகள் வீட்டுக்குக் கலிஃபோர்னியா போயிருந்தேன். ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று பாலம், கடல், கண்ணாடிக் கட்டடம் எல்லாம் காட்டி முடித்துவிட்டார்கள். மாப்பிள்ளைதான் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "மாமா, பேக்கர்ஸ்ஃபீல்டு பக்கம் பழைய கார் ரேஸ் ஒண்ணு நடக்குது, போலாங்களா?" என்றார். நாலு மணி நேரம் ஓட்டினார்.

ஃபமோசோ. சுற்றிலும் தோட்டங்கள், நடுவில் ஒரு நீளமான தார்ப்பட்டை. இரண்டாம் உலகப் போரில் விமானப் பயிற்சிக்காகப் போட்ட ஓடுதளம். போர் முடிந்ததும் விமானம் போய்விட்டது, கார் வந்துவிட்டது. பார்த்தவுடன் எனக்குச் சோழவரம்தான் நினைவுக்கு வந்தது. அதுவும் போர்க்கால ஓடுதளம்தானே. கோவையிலிருந்து ராத்திரி ரயிலேறிப் போய் வெயிலில் நின்று ரேஸ் பார்த்திருக்கிறேன். அங்கே சுற்றுப் பந்தயம். இங்கே ஒரே நேர்கோடு. கால் மைல், அதாவது 402 மீட்டர். ரெண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள், பச்சை விளக்கு விழும், யார் முதலில் அந்த முனையைத் தொடுகிறாரோ அவருக்கு வெற்றி. வளைவு கிடையாது, உத்தி கிடையாது. ஓட்டுநரை விட எஞ்சின் கட்டினவனுக்குத்தான் இதில் பெயர் என்று எனக்குப் படுகிறது. மாப்பிள்ளை ஒத்துக்கொள்ளவில்லை, அது வேறு.

1959 மார்ச்சில் பேக்கர்ஸ்ஃபீல்டு 'ஸ்மோக்கர்ஸ்' என்ற கார் கிளப் பையன்கள்தான் இங்கே முதல் பெரிய போட்டியை நடத்தினார்கள். அதில் ஜெயித்தவர் ஆர்ட் கிரிஸ்மன். அவர் வண்டி நீளக் குழாய்ச் சட்டத்தில் எஞ்சினை வைத்தது. அந்த வகை எனக்கு அவ்வளவு ஈர்ப்பில்லை. எனக்குக் கதவும் கூரையும் இருக்க வேண்டும். பால் வாங்கப் போகிற வண்டியின் உருவத்தில் இருந்துகொண்டு, இடி மாதிரி ஓட வேண்டும்.

நிறுத்துமிடத்தில் நடந்துகொண்டே போனோம். அங்கே நின்றது அது. 1941 வில்லிஸ் கூப்பே. உக்கடத்துப் படத்தில் இருந்த அதே சுண்டெலி மூஞ்சி.

குனிந்து அடியில் பார்த்தேன். முன்னால் ஒரே துண்டாகக் குறுக்கே போகிற ஆக்ஸில், ரெண்டு பக்கமும் லீஃப் ஸ்பிரிங் பட்டை. நம் ஊர் லாரிக்கு இருக்குமே, அதேதான். அதை வழக்கத்தைவிட உயரமாக மாட்டியிருக்கிறார்கள். தப்பாக மாட்டவில்லை மேஸ்திரி, வேண்டுமென்றே மாட்டியிருக்கிறார்கள்.

காரணம் டயர். ஐம்பதுகளின் கடைசி, அறுபதுகளின் தொடக்கத்தில் எஞ்சின் பலம் எங்கேயோ போய்விட்டது, டயர் அங்கேயே நின்றுவிட்டது. மிதித்தால் பின்சக்கரம் அதே இடத்தில் சுற்றிப் புகை கக்கும், வண்டி நகராது. டிவிஎஸ் 50-ல் பின்னால் ரெண்டு மூட்டை வைத்து ஆக்சிலேட்டரைச் சட்டென்று முறுக்கினவர்களுக்குத் தெரியும், முன்சக்கரம் காற்றில் எழும்பும், மொத்த எடையும் பின்சக்கரத்தில் உட்காரும். பின்சக்கரத்தில் எடை உட்கார்ந்தால் பிடிப்பு கூடும். எடையின் மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு எடை பின்னால் சாயும். ஆகவே வண்டியையே தூக்கு. அவ்வளவுதான் கணக்கு. பின்னாளில் நல்ல ஸ்லிக் டயர்கள், அதாவது வரிப்பள்ளம் இல்லாத வழவழப்பான ரேஸ் டயர்கள், வந்ததும் இந்த உயரமெல்லாம் தேவையில்லாமல் போய், மூக்குகள் தாழ்ந்துவிட்டன. ஒரு காலத்து டயர் மோசமாக இருந்ததால் பிறந்த அழகு இது.

ஏன் வில்லிஸ்? எடை குறைவு, விலை சல்லிசு, அமெரிக்காவில் யாரும் சீண்டாத கார். வந்தபோது அதற்குள் இருந்தது 134 கன அங்குல நாலு சிலிண்டர் எஞ்சின். நம் கணக்கில் 2.2 லிட்டர். அதே எஞ்சின் குடும்பம்தான் போரில் ஜீப்புக்குப் போனது, பிறகு மஹிந்திரா வழியாக நம் ஊருக்கும் வந்தது. அந்த பிளாக்கின் சிலிண்டரை நான் எத்தனை முறை குடைந்து 'போர்' போட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. கலிஃபோர்னியாவில் ஒரு பொட்டலில் நின்றுகொண்டு, தெரிந்த வீட்டுப் பிள்ளையைப் பார்த்த மாதிரி இருந்தது. இந்த வண்டிக்குள் அந்த எஞ்சின் இல்லை என்பது வேறு விஷயம். அதைத் தூக்கிவிட்டுச் செவர்லே வி8 போட்டிருந்தார்கள்.

இந்த ஆட்டத்தின் தொடக்கம் இன்னும் கொஞ்சம் முன்னால். முப்பதுகளிலேயே லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்துப் பையன்கள் முரோக் என்ற வறண்ட ஏரிப் படுகையில் ரோட்ஸ்டர்களை ஓட்டிப் பார்த்தார்கள். ரோட்ஸ்டர் என்றால் கூரையில்லாத ரெண்டு சீட்டு வண்டி. 1932-ல் ஹென்றி ஃபோர்டு சாமானியன் வாங்கக்கூடிய விலையில் வி8 எஞ்சினைக் கொடுத்தார், 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். வால்வுகள் பிளாக்கிலேயே பக்கவாட்டில் இருப்பதால் மேலே ஹெட் தட்டையாக இருக்கும், ஃப்ளாட்ஹெட் என்பார்கள். எட்டு சிலிண்டரையும் ஒரே வார்ப்பில் ஊற்றியிருக்கிறார்கள். வார்ப்படத் தொழிலைப் பக்கத்திலிருந்து பார்த்த கோயமுத்தூர்க்காரனுக்குத்தான் அதன் கஷ்டம் புரியும். ஒரு குறை, எக்ஸாஸ்ட் வழி பிளாக்குக்குள்ளேயே சுற்றி வெளியே போகிறது. சூடு தாங்காமல் தண்ணீர் கொதிக்கும்.

போருக்குப் பிறகு அதன் பெரிய அண்ணனான மெர்க்குரி எஞ்சினை எடுத்தார்கள், 239 கன அங்குலம். சிலிண்டரை முரட்டுத்தனமாகப் பெரிதாக்கினார்கள். கிராங்கில் கனெக்டிங் ராடு மாட்டுகிற உருண்டைப் பகுதியான ஜர்னல் மேல் வெல்டிங் வைத்து, மையத்தைத் தள்ளி மறுபடி கிரைண்ட் செய்து, பிஸ்டன் போகிற தூரத்தையும் கூட்டினார்கள். 296 கன அங்குலம் வரை கொண்டுபோனார்கள். இதை எழுதும்போது என் கை கூசுகிறது. நான் ஒருமுறை அம்பாசடர் பிளாக் ஒன்றில் பேராசைப்பட்டு அளவு கடந்து போர் போட்டேன். கடைசி ஓட்டத்தில் டூல் போன இடத்தில் ஒரு சின்னக் கருப்புப் புள்ளி. விரல் வைத்தால் ஈரம். சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிற வாட்டர் ஜாக்கெட் வரை போய்விட்டேன். ஸ்லீவ் போட்டுக் கொடுத்து, கூலியும் வாங்கவில்லை. அந்தப் பையன்களும் எத்தனை பிளாக்கைக் கொன்றிருப்பார்களோ.

இதில் எனக்குப் பிடித்த ஆள் எட் இஸ்கெண்டேரியன். ஆர்மீனியக் குடும்பத்துப் பிள்ளை, 1921-ல் பிறந்தவர். 1924 மாடல் ஃபோர்டு டி ரோட்ஸ்டரில் வி8 எஞ்சினை இறக்கி, வால்வ் கவரில் தன் பெயரையே வார்த்துவைத்தவர். போர் முடிந்து வந்தபோது, வால்வுகளைத் திறக்கவைக்கிற கேம்ஷாஃப்ட்டைச் செய்துதருகிறவர்களிடம் மாதக்கணக்கில் வேலை குவிந்து கிடந்தது. காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஒரு பழைய உருளை கிரைண்டிங் மெஷினை வாங்கி, அதைக் கேம் அரைக்கிற மெஷினாகத் தானே மாற்றிக்கொண்டார். 'இஸ்கி' என்று பெரிய கம்பெனியே ஆனது. பீளமேட்டிலும் கணபதியிலும் இதே கதையை வேறு பெயர்களில் பத்து சொல்வேன். மெஷின் வாங்கக் காசில்லாதவன் மெஷினை மாற்றுவான்.

தெருவில் ஓட்டினால் போலீஸ் பிடிக்கும். ஆகவே 1950-ல் சி. ஜே. ஹார்ட் என்பவர் கூட்டாளிகளோடு சேர்ந்து சாண்டா அனாவில் விமான நிலைய ஓடுதளத்தில் ஞாயிறுதோறும் ரேஸ் நடத்த ஆரம்பித்தார். அரை டாலர் கட்டணம். அவர் மனைவி பெக்கியும் சும்மா டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கவில்லை, தானே வண்டி ஓட்டி ஆண்களைத் தோற்கடித்தார். அடுத்த வருடம் வாலி பார்க்ஸ் என்ஹெச்ஆர்ஏ என்ற சங்கத்தைத் தொடங்கினார். விதி வந்தது, வகை பிரிந்தது.

அந்த வகைகளில் ஒன்றுதான் காஸர். நான் பார்த்த மூக்கு தூக்கிய வில்லிஸ் இந்த வகைதான். சாதாரண பெட்ரோலில்தான் ஓட வேண்டும், நைட்ரோ என்ற ரேஸ் எரிபொருள் கிடையாது. வண்டியின் எடையை எஞ்சின் கொள்ளளவால் வகுத்தால் வருகிற எண்ணை வைத்து ஏ, பி, சி என்று பிரிவு. எஞ்சினைக் கொஞ்சம்தான் பின்னால் தள்ளலாம், இவ்வளவுக்கு மேல் கூடாது என்று அதற்கும் ஓர் அளவு. வேலி இருந்தால்தானே தாண்டுகிறவனுக்கு வேலை.

அறுபதுகளில் இவர்களுக்குள் நடந்த சண்டையைக் கேட்டால் நம் ஊர்த் தேர்தல் தோற்றது. ஒரு பக்கம் 'பிக் ஜான்' மஸ்மேனியன், அவரும் ஆர்மீனியர், குப்பை அள்ளுகிற தொழிலில் சம்பாதித்தவர். அவருடைய சிவப்பு வில்லிஸ் முகம் பார்க்கலாம் போல மின்னும். இன்னொரு பக்கம் ஸ்டோன், வுட்ஸ், குக். ஃப்ரெட் ஸ்டோனும் டிம் வுட்ஸும் கறுப்பின முதலாளிகள், ஓட்டுகிற டக் குக் வெள்ளைக்காரர். அன்றைய அமெரிக்காவில் இந்த மூன்று பெயரையும் ஒரே கதவில் எழுதி ஊர் ஊராகப் போனார்கள் என்பதே எனக்குப் பெரிய விஷயம். நீல வில்லிஸ், பெயர் 'ஸ்விண்ட்லர்', தமிழில் சொன்னால் எத்தன். ஒஹையோவிலிருந்து ஜார்ஜ் மான்ட்கோமரி என்பவர் 1933 வில்லிஸோடு வந்து ரெண்டு பக்கத்தையும் கலங்கடிப்பார். கேம்ஷாஃப்ட் கம்பெனிகள் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் போட்டு, எங்கள் கேம் போட்டவன் உன்னை அடித்தான் பார் என்று ஏசிக்கொள்ளும். குழந்தைகள் ஒட்டிச் சேர்க்க இந்த வில்லிஸ்களின் பிளாஸ்டிக் பொம்மை 'கிட்' கூட வந்துவிட்டது. மாப்பிள்ளை எனக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தார், நீலம். இன்னும் ஒட்டவில்லை, முதலில் என் மூக்குக்கண்ணாடியை மாற்ற வேண்டும்.

பானெட்டைத் தாண்டி மேலே துருத்திக்கொண்டிருக்கும் அலுமினியப் பெட்டி பற்றியும் சொல்ல வேண்டும். ப்ளோயர், எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற கருவி. அது காருக்காகச் செய்ததே இல்லை. ஜெனரல் மோட்டார்ஸின் டூ-ஸ்ட்ரோக் டீசல் எஞ்சினுக்குப் புகையை வெளியே தள்ளிப் புதுக்காற்று நிரப்பக் காற்று ஊத வேண்டும், அதற்கான உறுப்பு. பஸ்ஸிலும் லாரியிலும் இருந்தது. 6-71 என்பார்கள்: ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம். காயலான் கடையில் அதைப் பிடுங்கிக் கார் எஞ்சின் தலையில் உட்காரவைத்து பெல்ட் மாட்டிவிட்டார்கள். பஸ்ஸின் நுரையீரலைக் காருக்கு வைத்த கதை.

அந்த 1941 வில்லிஸுக்கு ப்ளோயர் இல்லை. சொந்தக்காரருக்கு எழுபத்தைந்து வயதிருக்கும், தொளதொள பேண்ட், பாக்கெட்டில் சிகரெட் மாதிரி ஃபீலர் கேஜ், அதாவது இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகள். நான் ஆக்ஸிலுக்கு அடியில் தலையை விட்டிருப்பதைப் பார்த்துச் சிரித்தார். மாப்பிள்ளை நடுவில் நின்று, இவர் கோயமுத்தூரில் எஞ்சின் பட்டறை வைத்திருந்தவர் என்று சொன்னார். அவர் உடனே என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் முறை வந்தது. கம்பிவேலிக்குப் பின்னால் நின்று பார்த்தோம். மஞ்சள், மஞ்சள், பச்சை. வில்லிஸின் மூக்கு இன்னும் மேலே போனது, இடது முன்சக்கரம் தரையை விட்டு ஒரு ஜாண் எழும்பி சும்மா சுற்றியது, அப்புறம் சத்தம் வந்து நெஞ்சில் அடித்தது. தோற்றுவிட்டார். கடைசியில் எஞ்சின் ஒரு மாதிரி இழுத்தது என் காதுக்கே கேட்டது.

திரும்பி வந்ததும் பேச்சே இல்லை. சூடாக இருக்கும்போதே வால்வ் கவரைக் கழற்றினார். ஃபீலர் கேஜை என் கையில் கொடுத்துவிட்டு ஸ்பேனரை அவர் எடுத்துக்கொண்டார். நான் தகட்டை ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே விட்டு இழுத்துப் பார்த்தேன். லேசாகப் பிடித்து வருகிறது, சரியான பிடிப்பு. என்ன என்பது போலப் பார்த்தார். நான் நம் ஊர் வழக்கப்படி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். அவர் சரியில்லை என்று நினைத்து நட்டைத் தளர்த்திவிட்டார். மறுபடி வைத்தார், மறுபடி இழுத்தேன், மறுபடி தலையாட்டினேன். மறுபடி தளர்த்தினார். மாப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாரே தவிர, வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாவது முறை கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். மிச்சம் பதினைந்து வால்வு இருந்தது.