இரவில் மட்டும் நின்ற லாரி

ஓடிக்கொண்டிருக்கும் லாரி நடுவழியில் நின்றுவிட்டது என்றால், எங்கள் ஊர்ப் பட்டறைகளில் எல்லோரும் முதலில் கை வைப்பது டீசல் லைனில்தான். பத்தில் ஏழெட்டு வண்டிகளில் கோளாறும் அங்கேதான் இருக்கும். எங்கோ ஏர் எடுக்கும், இல்லையென்றால் ஃபில்டர் அடைத்திருக்கும். நாமக்கல்லில் 22 வருடங்களாக லாரி வயரிங் வேலை பார்க்கிறேன். அந்தப் பழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மீதி இரண்டு வண்டிகளில் மாட்டிக்கொள்வது டிரைவர்கள். அப்படி மாட்டிக்கொண்ட ஒருவரைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

பத்து சக்கர வண்டி, 17 வருடப் பழசு. கையால் இழுத்து எஞ்சினை நிறுத்தும் கேபிள் இல்லாமல், சாவியிலேயே ஆஃப் ஆகும் வகை. மூன்று மாதமாக அவ்வப்போது ஓட்டத்திலேயே எஞ்சின் நின்றிருக்கிறது. பம்ப்பைக் கழற்றி சர்வீஸ் செய்தார்கள். டேங்கை இறக்கிக் கழுவினார்கள். டீசலை நிறுத்தும் சாலினாய்டையே, அதாவது கரண்டில் இயங்கும் காந்தத்தையே, இரண்டு முறை புதிதாக மாட்டினார்கள். என்ன செய்தும் வாரம் ஒருமுறை நின்றது. பட்டறைக்குக் கொண்டுவந்தால் மட்டும் நாள் முழுக்கச் சமர்த்தாக ஓடியது. கடைசியில் ஓனருக்கு டிரைவர் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. தூங்கிவிட்டுக் கதை சொல்கிறார், டீசலில் கை வைக்கிறார் என்றெல்லாம் பேச்சு. லோடு தாமதமான கணக்கில் சம்பளத்திலும் பிடித்திருந்தார்கள்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர், பானெட்டைத் திறக்கும் முன் டிரைவரைத் திறக்கச் சொல்வார். அதாவது, அவரை உட்காரவைத்துப் பேசவிட வேண்டும். நானும் டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டேன். "வண்டி எப்படி நிக்குது? திக்கித் திணறி நிக்குதா, பட்டுனு நிக்குதா?"

"சாவியத் திருப்பி ஆஃப் பண்ணின மாதிரி நிக்குதுங்ணா."

இந்த ஒரு பதிலிலேயே பாதி வேலை முடிந்தது. டீசல் கிடைக்காமல் நிற்கும் எஞ்சின் இழுவை குறைந்து, ஏறி இறங்கிக் குலுங்கித்தான் சாகும். ஒரே அடியாக நின்றால் கரண்ட் பக்கம் சந்தேகப்பட வேண்டும். அடுத்து, எந்த நேரத்தில் நிற்கிறது என்று கேட்டேன். யோசித்துப் பார்த்தவர், எல்லாமே ராத்திரியில்தான் என்றார். பகலில் ஒருமுறைகூட இல்லை. அப்புறம் தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார். "நிக்கிறதுக்கு முன்னாடி ஹெட்லைட்டு ஒருவாட்டி கண்ணைச் சிமிட்டுதுங்ணா. சொன்னா யாரும் காதுல போட்டுக்கல."

மூன்றாவது முறை நின்றது தொப்பூர் கணவாயில். தருமபுரியிலிருந்து சேலம் வரும் இறக்கம் அது. எத்தனையோ பேர் உயிரை வாங்கிய இடம். இறக்கத்தில் கியரில் இருக்கும்வரை சக்கரமே எஞ்சினைச் சுற்றிக்கொண்டிருப்பதால், டீசல் நின்றுபோனது டிரைவருக்குத் தெரியாது. கியர் மாற்றக் கிளட்சை மிதித்தபோதுதான் எஞ்சின் செத்திருக்கிறது. பவர் ஸ்டீரிங் போய் வளையம் கல்லாக இறுகிவிட்டது. காற்று நிரப்பும் கம்ப்ரஸரும் நின்றது. டேங்கில் மிச்சமிருந்த காற்றில் பிரேக் பிடித்து, கிளட்சை விட்டு, மறுபடி கியரில் எஞ்சினை உருட்டி ஓரங்கட்டியிருக்கிறார். 24 டன்னுக்கு மேல் எடையோடு இதைச் செய்த மனிதரைத் தூங்கினார் என்று சொன்னால் எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

சாலினாய்டுக்குள் இரண்டு காயில், அதாவது கம்பிச்சுருள், இருக்கும். ஒன்று ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் லீவரை இழுக்கும். முப்பது, நாற்பது ஆம்பியர் குடிக்கும். இன்னொன்று இழுத்ததை விடாமல் பிடித்துக்கொள்ளும். அதற்கு ஒரு ஆம்பியர் அளவு போதும். பிடித்திருக்கும் காயிலுக்கு வோல்டேஜ் ரொம்பக் குறைந்தால் ஸ்பிரிங் ஜெயித்துவிடும், டீசல் அடைபடும். உடனே வோல்டேஜ் திரும்ப வந்தாலும் இது தானாக இழுக்காது. சாவியைப் போட்டு மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும். செய்தால் ஒன்றுமே நடக்காததுபோல எஞ்சின் ஓடும். டிரைவர் சொன்னதும் அப்படியே இருந்தது.

அன்று மாலை ஏழு மணிக்கு மேல்தான் வண்டியைத் தொட்டேன். எஞ்சினை ஓடவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை சாலினாய்டின் எர்த் வயரிலும், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வயரிலும், வைத்தேன். எர்த் நன்றாக இருந்தால் அங்கே அநேகமாகப் பூஜ்ஜியம் காட்ட வேண்டும். லைட் போடாதபோது 0.9 வோல்ட். அதுவே அதிகம்தான், ஆனாலும் எஞ்சின் நிற்காது. ஹெட்லைட் போட்டதும் 6 வோல்ட். பிரேக்கை மிதிக்கச் சொன்னேன், 8. கேபினுக்குக் கீழே போகும் வயர்க்கட்டைக் கையால் ஆட்டினேன். லைட் மங்கியது, மீட்டர் 20-ஐத் தாண்டியது, எஞ்சின் பட்டென்று நின்றது. "இதேதாங்ணா!" என்று கேபினிலிருந்து குரல்.

ஹெட்லைட், பிரேக் லைட், சாலினாய்டு எல்லாவற்றுக்கும் எர்த் ஒரே போல்ட்டில், சேசிஸில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆனது, ஏனென்றால் மேலே பளபளவென்று பெயிண்ட். மூன்று மாதம் முன்பு எஃப்.சி.க்காக, அதாவது வண்டியின் தகுதிச் சான்றிதழுக்காக, அடித்தது. எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும், அதனால் ஆண்டுதோறும் பெயிண்ட். போல்ட்டைக் கழற்றி அடியில் அடித்துவிட்டு, தொளதொளவென்று திரும்ப மாட்டியிருக்கிறார்கள். வயர் நுனியில் போல்ட்டுக்கு மாட்டும் உலோக வளையமான லக்குக்கு அடியிலும் பெயிண்ட், ஓரத்தில் பச்சைக் களிம்பு. சாலினாய்டின் ஒரு ஆம்பியர் அந்தச் சந்தில் எப்படியோ போய்விடும். அதோடு லைட்டுகளின் ஏழெட்டு ஆம்பியரும் சேர்ந்தால் அங்கேயே வோல்டேஜ் செத்துவிடும். பகலில் டெஸ்டர் வைத்துப் பார்த்தவர்கள் யாரும் தப்புச் செய்யவில்லை. லைட் போட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

உப்புத்தாளால் இரும்பு தெரியும்வரை தேய்த்து, புது லக், பல்வாஷர் போட்டு முறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். சாலினாய்டுக்குத் தனியாக ஒரு எர்த் வயரை பேட்டரி வரை இழுத்தேன். எல்லா லைட்டையும் போட்டு, பிரேக்கையும் மிதித்து அளந்தால் 0.1 வோல்ட்டுக்குக் கீழே.

அந்தப் பழைய லக்கை எடுத்துப்போய் ஓனர் கையில் கொடுத்து, டிரைவர் சொன்னது அத்தனையும் உண்மை என்று அவர் முன்னாலேயே சொன்னேன். ஓனர் லக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் டிரைவர் போன் செய்தார். எஞ்சினைப் பற்றிப் பேசவே இல்லை. "லைட்டு பகல் மாதிரி எரியுதுங்ணா, கணவாயில வளைவு முழுசும் தெரியுது" என்றார்.

சம்பளத்தில் பிடித்ததைத் திருப்பிக் கொடுத்தார்களா என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு ஓனர் எதிரில் இருந்தபோதே கேட்டிருக்க வேண்டும்.