ஒரு சிம்முக்கு ஐந்து நடை

வேலை மாறினேன். பழைய கம்பெனி ஃபோனோடு நம்பரையும் வாங்கி வைத்துக்கொண்டது. பேங்க் ஓடிபி எல்லாம் அந்த நம்பருக்குத்தான் போகும். சரி, புது சிம் வாங்கி ரீக்கா பண்ணினால், அதாவது தென்னாப்பிரிக்காவின் ஒட்டுக்கேட்புச் சட்டமான ரீக்காப்படி ஐடியும் முகவரியும் காட்டி என் பெயரில் பதிந்தால், முடிந்தது என்று கிளம்பினேன். சொந்தப் பெயரில் கரண்ட் பில் இருப்பவர்களுக்கு அது பத்து நிமிஷ வேலைதான்.

நான் இருப்பது டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில், ஒரு அங்கிள் வீட்டை ஒட்டிய அவுட்பில்டிங்கில் வாடகைக்கு. பில்லெல்லாம் அவர் பெயரில். பாஸ்போர்ட்டையும் அந்த பில்லையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால், கவுண்டரில் இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இதில் உன் பெயர் இல்லையே. மூன்று மாதத்துக்குள் வந்த பில் உன் பெயரில் கொண்டு வா, இல்லாவிட்டால் வீட்டுக்காரர் அஃபிடவிட்." வெளியே டாக்ஸி ரேங்கில் ஒரு பையன் சிம் கார்டுகளைச் சீட்டுக்கட்டு மாதிரி விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். எல்லாம் முன்கூட்டியே ரீக்கா பண்ணியவை, யார் பெயரில் என்று அவனுக்கே தெரியாது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் கை பர்ஸுக்குப் போய்விட்டது. வாங்காதீர்கள். நாளைக்கு சிம் தொலைந்தால் மாற்று வாங்க அந்த முகம் தெரியாத ஆளைத் தேடிப் போக வேண்டியிருக்கும்.

அடுத்த நாள் அங்கிளோடு போலீஸ் ஸ்டேஷன். ஒன்றரை மணி நேரம் வரிசை. அங்கிள் டர்பனில் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பாக இருந்த மேகசின் பராக்ஸில் பிறந்தவர், அறுபதுகளில் நிறவெறி ஆட்சி அங்கிருந்து கிளப்பி சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து விட்ட குடும்பங்களில் ஒன்று அவருடையது. விசாரணை இல்லாமல் 90 நாள் உள்ளே வைக்கலாம் என்று 1963இல் சட்டம் வந்தபோது அவர் சின்னப் பையன். அரசாங்கம் யார் பேரையாவது எழுதி வைக்கிறது என்றாலே அவருக்கு ஆகாது. அவர் மகன் நேர் எதிர். 2021 ஜூலைக் கலவரத்தில் தெருமுனையில் டயர் போட்டு ராத்திரி பகலாகக் காவல் நின்றவர். "வாய்ஸ் நோட்டில் புரளி கிளப்பினவனைப் பிடிக்க வேண்டாமா? கடத்திக்கொண்டு போய்ப் பணம் கேட்கிறவனை எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று முந்தின ராத்திரிதான் சாப்பாட்டு மேசையில் சண்டை. அவர் பயம் பொய்யில்லை. ஆனால் கடத்துகிறவன் இந்த வரிசையில் நிற்கமாட்டானே, டாக்ஸி ரேங்கில் நிற்கிற அந்தப் பையனிடம் வாங்கிவிட்டுப் போவான்.

2009 ஜூலையில் சிம் பதிவு தொடங்கியதிலிருந்து இதே வாதம்தான். யாரோடு எப்போது பேசினோம் என்ற விவரத்தைக் கம்பெனிகள் மூன்று வருஷமாவது வைத்திருக்க வேண்டும். சாம் சோல் என்ற பத்திரிகையாளரின் ஃபோனை 2008இல் ஒட்டுக்கேட்டது, பிற்பாடு ஒரு வழக்கின் காகிதங்களில் வெளியே வந்ததால்தான் அவருக்கே தெரிந்தது. அவருடைய புலனாய்வுப் பத்திரிகை அமைப்பான அமாபுங்கானே வழக்குப் போட்டது. ஒட்டுக்கேட்கப்பட்டவருக்குப் பின்னாலாவது சொல்ல வேண்டும், ரீக்கா சட்டத்தில் அது இல்லை என்று 2021 பிப்ரவரியில் அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, திருத்த மூன்று வருஷம் அவகாசம் கொடுத்தது. நான் சொல்லும் இந்த நாள் 2023 நடுவில்; அவகாசத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது, நான் இன்னும் வரிசையில்.

எங்கள் முறை வந்தது. கான்ஸ்டபிள் பாடம் ஒப்பிக்கிற மாதிரி மூன்று கேள்வி கேட்டார்: எழுதியிருப்பது புரிகிறதா, சத்தியம் செய்ய ஆட்சேபணை உண்டா, இந்தச் சத்தியம் உன் மனசாட்சியைக் கட்டுப்படுத்துமா. அங்கிள் மூன்றாவது கேள்விக்குக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு "யெஸ்" என்றார். டப்பென்று முத்திரை. ஜெயித்தோம் என்று நினைத்தேன்.

மூன்றாவது நடை, கடையில். முத்திரை இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, கீழே கான்ஸ்டபிளின் பெயரும் பதவியும் இல்லை. அங்கிளின் ஐடி நகலும் சான்றளிக்கப்பட்டதாக வேண்டுமாம். இதை முதல் நாளே சொன்னால் என்ன? மறுபடி ஸ்டேஷனுக்கு ஓடி, வேறொரு கான்ஸ்டபிளிடம் புதிதாக எழுதி வாங்கினேன். முத்திரை விழுந்ததும் அங்கேயே நின்று பெயர், பதவி, தேதி, ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கக் கையெழுத்து நான்கையும் பாருங்கள். வீட்டுக்காரர் ஐடி நகலையும் அதே மேசையில் சான்றளிக்கச் சொல்லிவிடுங்கள், காசு கிடையாது.

நாலாவது நடையில் லோட் ஷெட்டிங், சிஸ்டம் படுத்துவிட்டது. நான் நகரவில்லை. இரண்டு மணி நேரம் அங்கேயே பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தேன். கரண்ட் வந்ததும் அதே பெண், பாவம் அவளும் களைத்துப்போய், பாஸ்போர்ட்டைப் படம் எடுத்து எதையோ தட்டினாள். நாலு நிமிஷத்தில் சிக்னல் வந்துவிட்டது. அஃபிடவிட்டையும் ஐடி நகலையும் காலடியில் இருந்த மூடியில்லாத ஆப்பிள் பழப் பெட்டிக்குள் போட்டாள். உள்ளே அதே மாதிரி ஒரு கட்டுக் காகிதம், மேலே அவளுடைய சாப்பாட்டு டப்பா.

புது நம்பரிலிருந்து முதல் ஃபோன் அங்கிளுக்குத்தான். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், "என் ஐடி பேப்பரைத் திருப்பி வாங்கினாயா?" என்றார். வாங்கவில்லை. மறுநாள் அதற்காகவே ஐந்தாவது நடை போனேன். பெட்டி அங்கே இல்லை. எங்கே போயிற்று என்று கேட்டேன். "ஹெட் ஆபீஸ் எடுத்துப் போயிருக்கும்" என்றாள். எந்த ஹெட் ஆபீஸ் என்றதற்குத் தோளைக் குலுக்கினாள். அங்கிளிடம் இன்னும் சொல்லவில்லை.