ஒவ்வொரு கோல்ஃப் கிளப்பும் எவ்வளவு தூரம் போகும்: மூன்று காலைகளில் அளந்த கதை

குழியைக் காட்டும் கொடி 148 யார்டில் நிற்கிறது. அதைச் சுற்றியுள்ள கிரீனுக்கு (குட்டையாக வெட்டிய புல்தரை) முன்னால் ஒரு பங்கர், அதாவது மணற்குழி. அதன் பின்விளிம்பைத் தாண்ட, பந்து காற்றிலேயே 137 யார்டு போக வேண்டும். 7 அயர்னை (எண் கூடக்கூடத் தூரம் குறையும் இரும்புத் தலைக் கிளப்) எடுக்கலாமா? இதற்குப் பதில் சொல்ல இரண்டு எண்கள் தெரிந்தால் போதும்: அந்தக் கிளப்பில் பந்து வழக்கமாக எத்தனை யார்டு பறக்கும், முன்னும் பின்னுமாக எவ்வளவு சிதறும். ஆடுகிறவர்களில் பலரிடம் இந்த இரண்டும் இருப்பதில்லை. என்றோ ஒருநாள் கிளப் முகத்தின் நடுவில் பட்டுப் பறந்த ஓர் அடியின் நினைவுதான் இருக்கிறது. அந்த நினைவை நம்பித்தான் பந்துகள் பங்கரில் விழுகின்றன.

இதைச் சரிசெய்ய மூன்று காலைகளும் சுமார் 250 பந்துகளும் ஒரு நோட்டும் பென்சிலும் தேவைப்பட்டன. பந்தின் வேகத்தையும் தூரத்தையும் காட்டும் லாஞ்ச் மானிட்டர் இருந்தால் வேலை சுலபம், இல்லாமலும் முடியும்.

முதலில் எதை அளப்பது என்று தெளிவு வேண்டும். அளக்க வேண்டியது கேரி, அதாவது பந்து முதலில் தரையைத் தொடும் இடம்வரை உள்ள தூரம். உருண்டு ஓடும் தூரத்தைச் சேர்க்கக் கூடாது. ஜூன் மாதம் சென்னையில் காய்ந்து கிடக்கும் ஃபேர்வே என்ற புல்பாதையில் பந்து இருபது யார்டு ஓடும். நவம்பர் மழையில் அதே இடத்தில் விழுந்து மண்ணில் பதிந்து நிற்கும். கிளப் தருவது கேரி, மீதி தரை தருவது. இரண்டையும் ஒரே எண்ணாகக் கலந்துவிட்டால் பருவம் மாறும்போதெல்லாம் கணக்கு பொய்யாகிவிடும்.

பயிற்சி மைதானமான ரேஞ்சுக்குப் போவதற்கு முன்னால் வீட்டில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கிளப்பின் லாஃப்டையும் (முகம் சாய்ந்திருக்கும் கோணம்) தயாரித்த நிறுவனத்தின் விவரப் பட்டியலிலிருந்து எடுத்து எழுதுங்கள். கிளப்பின் அடியில் 7 என்று பொறித்திருப்பதற்குப் பொதுவான அளவு எதுவும் கிடையாது. இன்று கடையில் கிடைக்கும் ஒரு 7 அயர்ன் 28 டிகிரி இருக்கும், இன்னொன்று 34 டிகிரி இருக்கும். ஆறு டிகிரி என்றால் ஏறக்குறைய ஒன்றரைக் கிளப் வித்தியாசம். நண்பர் உங்களைவிட ஒரு கிளப் குறைவாக எடுத்து அதே கிரீனை அடைகிறார் என்றால் அவர் வேகமாக அடிக்கிறார் என்று பொருளல்ல. அவருடைய 7, உங்களுடைய 6 ஆக இருக்கலாம். ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) அயர்ன்கள் மென்மையான இரும்பு. கடினமான செயற்கைப்புல் விரிப்பில் வருடக்கணக்கில் அடித்தால் லாஃப்ட் ஒன்றிரண்டு டிகிரி நகர்ந்துவிடும். லாஃப்ட் அளக்கும் கருவி உள்ள பழுதுபார்ப்பவரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

அடுத்தது பந்து. எங்கள் அனுபவத்தில் அதிகம் ஏமாற்றுவது இதுதான். ரேஞ்ச் பந்துகள் ஆயிரக்கணக்கான அடி வாங்கியவை. மேலுள்ள குழிகள் தேய்ந்திருக்கும், சில வெட்டுப்பட்டிருக்கும். சில ரேஞ்சுகளில் வேலிக்கு வெளியே போகாமலிருக்கக் குறைந்த தூரம் பறக்கும் பந்தையே வாங்கிப் போடுகிறார்கள். நீங்கள் களத்தில் ஆடும் பந்தைவிட இவை 5 முதல் 10 சதவீதம் குறையலாம். ஒரே கூடையில் ஐந்து வகைப் பந்துகள் கலந்து கிடந்தால் சிதறலும் பெரிதாகிவிடும். முடிந்தால் சொந்தப் பந்துகள் பன்னிரண்டை வலைக்குள் அடித்து மானிட்டரில் அளங்கள். முடியாவிட்டால் கூடையிலிருந்து ஒரே அச்சு, ஒரே நிறம் கொண்ட, வெட்டில்லாத பந்துகளைப் பொறுக்கி எடுங்கள். பிறகு களத்தில் சரிபார்க்கும்போது எத்தனை சதவீதம் கூட்ட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

நேரம் காலை ஆறரை முதல் எட்டரை வரை. சென்னையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று கிளம்பிவிடும். அதற்குப் பிறகு எடுத்த எண் எதுவும் உங்கள் எண்ணல்ல, காற்றின் எண். எல்லாக் கிளப்பையும் ஒரே நாளில் முடிக்க நினைப்பதும் தவறு. நூறு பந்துக்கு மேல் இடுப்பும் பிடியும் தளர்ந்து, கடைசியில் வரும் கிளப்புகளெல்லாம் ஐந்து யார்டு குறைத்துக் காட்டும். முதல் நாள் சாண்ட் வெட்ஜ் (வெட்ஜ் என்பது குறுகிய தூரத்துக்கான, சாய்வு அதிகமான கிளப்), 9, 7, 5 அயர்ன்கள் எனவும், இரண்டாம் நாள் பிட்சிங் வெட்ஜ், 8, 6, 4 எனவும் பிரித்துக்கொண்டோம். நீண்ட தூரக் கிளப்புகளான ஹைபிரிட், வுட், டிரைவர் ஆகியவையும் பாதி வெட்ஜ் அடிகளும் மூன்றாம் நாளுக்கு. தினமும் முதல் பதினைந்து பந்துகள் உடம்பு சூடாக. அவற்றை எழுதக் கூடாது.

விரிப்பில் அடிப்பதா, புல்லிலா என்றால் புல் கிடைத்தால் புல்தான். கிளப் பந்துக்கு முன்பே தரையைத் தொட்டால் புல்லில் பந்து பத்து, இருபது யார்டு குறையும். விரிப்பில் கிளப் துள்ளி மேலேறி, அந்தத் தவறு பாதிக்கு மேல் மறைந்துவிடும். அயர்னுக்குப் பந்தை டீயில் (சிறு முளை) வைத்து அளப்பதும் வேண்டாம்.

லாஞ்ச் மானிட்டர் வைத்திருப்பவர்கள் முதல் பந்து அடிக்கும் முன் அமைப்புகளைத் திறந்து பாருங்கள். யார்டா மீட்டரா, எந்த வகைப் பந்து, கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம், வெப்பநிலை என்ன என்ற நான்கும் சரியாக இருக்க வேண்டும். 1 மீட்டர் 1.094 யார்டு. 140 மீட்டரை 140 யார்டு என்று எழுதிவிட்டால் ஒரு கிளப் முழுதாகப் பிசகும். விலை குறைந்த ரேடார் கருவிகள் ஸ்பின்னை (பந்தின் சுழற்சி) நேரடியாக அளக்காமல் கணக்கிட்டுச் சொல்பவை. வீட்டு வலைக்குள் பந்து பறக்க இடம் குறைந்தால் அந்தக் கணிப்பு மேலும் தடுமாறும். இவற்றை வெட்டவெளியில், பந்து முழுதாகப் பறக்கும் இடத்தில் வைத்தால்தான் நம்பலாம். ரேடார் கருவி பந்துக்கு நேர்பின்னால், இலக்கை நோக்கி இருக்க வேண்டும்.

மானிட்டர் இல்லாதவர்களுக்குத் தூரம் காட்டும் லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் போதும். ரேஞ்சில் நட்டிருக்கும் 150 பலகையை அப்படியே நம்பாதீர்கள். புல் வளரட்டும் என்று டீ வரிசையை (நின்று அடிக்கும் இடம்) வாரத்துக்கொருமுறை முன்னும் பின்னும் நகர்த்துவார்கள், பலகை நகராது. நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து லேசரால் அளந்து, ஒரு கொடியையோ காய்ந்த புல்திட்டையோ குறியாக வைத்துக்கொள்ளுங்கள். கூட வந்தவர் பின்னால் நின்று, ஒவ்வொரு பந்தும் குறிக்கு முன்னால் விழுந்ததா, பின்னால் விழுந்ததா, ஏறக்குறைய எத்தனை யார்டு என்று பார்த்து, அவரே எழுத வேண்டும். அடிப்பவரே எழுதினால் நல்ல அடியை மட்டும் எழுதும் ஆசை வந்துவிடும்.

ஒரு கிளப்புக்குப் பன்னிரண்டு பந்து. ஒவ்வொரு பந்துக்கும் பின்னால் போய் நின்று, குறி பார்த்து, களத்தில் ஆடும் அதே நிதானத்தில் அடிக்க வேண்டும். வரிசையாக அள்ளிப்போட்டு அடித்தால் மூன்றாவது பந்திலிருந்து ஸ்விங் தாளத்துக்கு வந்துவிடும். களத்தில் அந்த வசதி கிடையாது. ஒரு 7 அயர்ன் வரிசை இப்படி வந்தது: 131, 144, 139, 146, 118, 141, 138, 143, 140, 136, 151, 142.

இதில் எது உங்கள் எண்? 151 அல்ல. சராசரி 139, ஆனால் 118 போன்ற ஒரு கோணல் அடி சராசரியைக் கீழே இழுக்கிறது. சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி நடுவில் வருவதை எடுப்பதே மேல்: இங்கே நடுவில் 140, 141 இரண்டும் வருகின்றன, சிறியதான 140ஐ எடுத்துக்கொள்ளலாம். பிறகு கீழே இரண்டு, மேலே இரண்டு தள்ளிவிட்டால் மீதி எட்டும் 136க்கும் 144க்கும் நடுவே நிற்கின்றன. நோட்டில் எழுத வேண்டியது ‘7: 140, 136–144’. கிளப்பின் குதிகாலில் (தண்டை ஒட்டிய முனை) பட்டுப் பக்கவாட்டில் பாய்ந்த அடியைத் தவிர வேறெதையும் வரிசையிலிருந்து எடுத்துப்போடாதீர்கள். 118 உங்கள் ஆட்டத்தில் இருக்கிறது, பன்னிரண்டில் ஒருமுறை வருகிறது என்பதும் தெரிய வேண்டிய செய்திதான்.

இப்போது அந்த 137 யார்டு பங்கருக்குத் திரும்புவோம். இந்தப் பன்னிரண்டில் மூன்று பந்துகள் பங்கரைத் தாண்டவில்லை. 148 யார்டுக் கொடியைத் தொட்டது ஒன்றே ஒன்று. இதே கையில் 6 அயர்ன் 150 வருகிறது. எடுக்க வேண்டியது 6.

எல்லாக் கிளப்பையும் எழுதி முடித்ததும் எண்களை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். நீங்கள் சுமந்து நடக்கும் பையின் குறைகள் அங்கேதான் வெளிப்படும். மேலே சொன்ன பையில் 9 அயர்ன் 117, பிட்சிங் வெட்ஜ் 105, சாண்ட் வெட்ஜ் 78. கடைசி இரண்டுக்கும் நடுவே 27 யார்டு ஓட்டை. காரணம், பிட்சிங் வெட்ஜ் 45 டிகிரி, சாண்ட் வெட்ஜ் 56 டிகிரி. நடுவில் 50 டிகிரி வெட்ஜ் ஒன்று வந்ததும் 92 கிடைத்தது. மறுமுனையில் வேறு சிக்கல்: 6 அயர்ன் 150, 5 அயர்ன் 156, 4 அயர்ன் 157. மிதமான ஸ்விங் வேகத்தில் நீண்ட அயர்ன்கள் பந்தைப் போதுமான உயரம் தூக்குவதில்லை. லாஃப்ட் குறைந்தும் தூரம் கூடுவதில்லை. 4 அயர்னை வெளியே எடுத்து 22 டிகிரி ஹைபிரிட் வைத்ததும் 166 வந்தது. விதிப்படி பையில் 14 கிளப்தான் இருக்கலாம். ஒரே தூரம் போகும் இரண்டைச் சுமப்பது வீண்.

வெட்ஜுகளுக்கு முழு அடி மட்டும் போதாது. இதில் செலவிட்ட நேரத்துக்குத்தான் ஸ்கோரில் அதிகப் பலன் தெரிந்தது. இடது கை கடிகார முள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்ஸ்விங்கில் அது ஏழரை மணிக்கு வந்ததும் நிறுத்தி அடிப்பது ஒன்று, ஒன்பது மணி ஒன்று, முழு ஸ்விங் ஒன்று. வேகத்தைக் கையால் குறைக்காமல் நீளத்தை மட்டும் குறைக்க வேண்டும். 56 டிகிரியில் 35, 55, 78. 50 டிகிரியில் 42, 66, 92. பிட்சிங் வெட்ஜில் 50, 76, 105. மூன்று கிளப்பில் ஒன்பது தூரங்கள். இவற்றை ஒரு சிறு தாளில் எழுதி கிளப்பின் தண்டில் பிடிக்குக் கீழே ஒட்டிவிடலாம்.

பிறகு களத்தில் சரிபார்ப்பு. மழை பெய்து மென்மையான கிரீன் என்றால் பந்து விழுந்த பள்ளம் தெளிவாகத் தெரியும். அடித்த இடத்திலிருந்து கொடிக்கு லேசர் தூரம், கொடியிலிருந்து பள்ளத்துக்குக் காலடி. கூட்டிக் கழித்தால் கேரி. உங்கள் காலடி ஒரு யார்டுதானா என்பதை வீட்டில் டேப் வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். இருபது பள்ளங்கள் சேர்ந்தால் ரேஞ்ச் எண்ணுக்கும் களத்து எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் நிலைத்துவிடும். நீண்ட புல்லான ரஃபிலிருந்து அடித்ததைத் தனியாக எழுதுங்கள். புல்லோ ஈரமோ முகத்துக்கும் பந்துக்கும் நடுவே சிக்கினால் ஸ்பின் குறையும். சிலசமயம் பந்து வழக்கத்தைவிடப் பத்து யார்டு அதிகம் பறந்து, கிரீனில் நிற்காமல் ஓடிவிடும்.

எதிர்காற்றும் பின்காற்றும் சமமல்ல. மணிக்கு 10 மைல் எதிர்காற்று சுமார் 10 சதவீதம் பறிக்கும்; அதே வேகப் பின்காற்று ஏறக்குறைய 5 சதவீதம்தான் தரும். எதிர்காற்றில் இன்னும் பலமாக அடித்தால் ஸ்பின் கூடி, பந்து மேலே எழும்பி அங்கேயே நின்று விழும். ஒரு கிளப் கூடுதலாக எடுத்து மெதுவாக அடியுங்கள்.

சென்னையில் எழுதிய நோட்டை உதகைக்கு எடுத்துப் போகிறவர்களுக்காக இது. உதகை கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர், அதாவது 7,350 அடி. ஆயிரம் அடிக்கு 1.16 சதவீதம் கூடும் என்பது வழக்கமான கணக்கு, உதகைக்கு 8.5 சதவீதம் வருகிறது. 140 என்பது 152 ஆக வேண்டும். ஆனால் காலைக் குளிரில் காற்றும் அடர்த்தி, பந்தும் இறுக்கம். அதற்கு மூன்று யார்டு கழித்தால் 149. ஆகவே சென்னையின் 7 அயர்ன் அங்கே 6 அயர்னின் வேலையைச் செய்கிறது. டிரைவரில் லாபம் கூடும். வேகம் குறைந்த பாதி வெட்ஜில் அநேகமாக எதுவும் மாறாது, அவற்றைத் திருத்த வேண்டாம். மெல்லிய காற்றில் பந்து தாழ்வாகப் பறந்து சாய்வாக இறங்குவதால் கிரீனில் ஓடும். கொடியைக் குறிவைக்காமல் கிரீனின் முன்பாதியைக் குறிவையுங்கள். மேடு பள்ளத்துக்குத் தனிக் கணக்கு: கிரீன் எத்தனை யார்டு உயரத்தில் இருக்கிறதோ அத்தனை யார்டு தூரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ரேஞ்ச்ஃபைண்டரில் இதைக் காட்டும் சரிவு வசதி பயிற்சியில் உதவும். போட்டியில் அதை அணைத்துவிட வேண்டும், விதி அனுமதிக்காது.

பந்து வகையை மாற்றினாலோ, பிடி மாற்றினாலோ, லாஃப்ட் திருத்தினாலோ மறுபடி அளக்க வேண்டும். மற்றபடி ஆறு மாதத்துக்கு ஒருமுறை 7 அயர்னும் 50 டிகிரி வெட்ஜும் மட்டும் பன்னிரண்டு பந்து. இரண்டும் பழைய எண்ணிலிருந்து மூன்று யார்டுக்குள் நின்றால் நோட்டை அப்படியே வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் நகர்ந்திருந்தால் இன்னும் மூன்று காலைகள்.