ஒரு பக்கம் சாயும் குதிரையும் பயிற்றுநர் தேர்வும்

போன வாரம் குதிரையேற்றத் துணைப் பயிற்றுநர் தேர்வின் முடிவு வந்தது, தேறிவிட்டேன். கோலாலம்பூரில் இதே தேர்வுக்கு ஆயத்தமாகும் நம்மவர்கள் பாடத்திட்டத்தை அறிந்தவர்களே என்பதால், அறிமுகமில்லாத குதிரையில் ஏற்றிவிட்டு, அதன் குறையைக் கண்டு திருத்தச் சொல்லும் பகுதியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எனக்குத் தரப்பட்டது பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரை. வலப்புற வட்டத்தில் அது கழுத்தை வேண்டிய அளவுக்கு மேலேயே வளைத்தது. இடப்புறம் திருப்பினாலோ இடது கடிவாள வாரில் பாரத்தைப் போட்டுத் தொங்கியது. இறுகிய இடப்புறமே குறை என்று எண்ணி, பலர் அந்த வாரை இழுக்கிறார்கள். உண்மையில் சிக்கல் எளிதாக வளையும் வலப்புறத்தில் இருக்கிறது: வலது பின்னங்கால் உடலுக்கடியில் வராமல் பக்கவாட்டில் விலகி ஊன்றுவதால் பாரமெல்லாம் இடது தோளில் விழுகிறது. இழுக்க இழுக்க நாமே அதற்கு ஊன்றுகோலாகிறோம்.

ஆகவே, பயிற்சித் திடலின் சுவரை விட்டு விலகி ஓட்டுங்கள். என் தேர்ச்சிக்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. குதிரையின் தோள் அதன் இடுப்பைவிடக் குறுகியது. சுவரோரமாக நடக்கையில் வெளித்தோளைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, பின்பகுதியை உள்ளே தள்ளிக்கொள்ளும். இரண்டு மூன்று மீட்டர் உள்ளே வந்தால் சாய இடமில்லாமல், நழுவும் தோள் எது என்பதைத் தானே காட்டிவிடும். பிறகு உங்கள் வலது காலால் அந்தப் பின்னங்காலை முன்னே தூண்டி, தோள்களைப் பின்னங்கால்களுக்கு நேராகக் கொண்டுவர வேண்டும். பின்பகுதியைத் தோளுக்கு நேராகத் தள்ள முயலக் கூடாது. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஆசான் கெரினியேர் விளக்கிய, தோளை உள்ளே கொண்டுவரும் பயிற்சிக்கு இதுவே முதற்படி.

வாய்மொழித் தேர்வில் "ஏன் உடனே நேராக்கவில்லை?" என்று கேட்பார்கள். குதிரையைப் படிப்படியாகப் பழக்கும் ஜெர்மானியப் பயிற்சிப் படிநிலையில், குதிரையின் உடல் நேராவது ஐந்தாவது. உந்துவிசை, அதாவது பின்னங்கால்களிலிருந்து முன்னோக்கி வரும் வலு, அதற்கு முந்தியது. முன்னோக்கிச் செல்லாத குதிரையை நேராக்க இயலாது என்று அமைதியாகச் சொன்னால் போதும். நான் அதிகம் பேசாதவள். விரிவாகப் பேசத் தெரிந்தவர்கள் உதாரணம் சேர்த்துக்கொள்ளலாம்.

மற்றவை:

- ஏறியதும் அங்கவடிகளின் (கால் வைக்கும் வளையங்களின்) நீளத்தை ஒப்பிடுங்கள். கோணல் உங்களுடையதாகவும் இருக்கலாம்.
- 20 மீட்டர் வட்டத்தில் தொடங்குங்கள். சிறிய வட்டம் பிறகு.
- டிராட்டில் (குதிரையின் இரண்டடித் தாள ஓட்டத்தில்) திசை மாறும்போது, சேணத்தில் எந்த அடிக்கு எழுந்து எந்த அடிக்கு அமர்கிறீர்கள் என்பதையும் மாற்றுங்கள்.
- இறுகிய பக்கத்தில் சிறிது நேரமே வேலை வாங்கி, அடிக்கடி திசை மாற்றுங்கள். நம் ஊர் வெயிலில் சோர்ந்த குதிரை இன்னும் கோணும்.
- நொண்டல் போலத் தோன்றினால் நிறுத்திவிட்டுத் தேர்வாளரிடம் சொல்லுங்கள். வலியால் வரும் கோணலைப் பயிற்சியால் திருத்த முயல்வதற்கு மதிப்பெண் கிடையாது.